செவ்வாய்க்கு நெய்த வளையம்

அக்கா,

பேத்தியின் ஜாதகம் பார்க்கத் தரகர் வருகிறார் என்று இன்று காலை நல்ல புடவை எடுக்க பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு உன் பொன்னாடைதான் முதலில் கையில் வந்தது. அரக்குப் பட்டு, கரை நெடுகச் சரிகையில் செவ்வாய் கிரகம், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். இப்போதும் சிரிப்பு வந்துவிட்டது.

உனக்குச் செவ்வாய் தோஷம். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காபியைக் குடித்துவிட்டு அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். தோஷம் நீங்க அம்மா குமரகோட்டம் கோயிலில் விளக்கேற்றிக்கொண்டே இருந்தாள். நீயோ சென்னையில் இயற்பியல் படித்து, மலைமேல் ஒரு தொலைநோக்கி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். அங்கே என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், "என்னச் சும்மா விடாத கிரகத்த நான் மட்டும் சும்மா விடுவேனா?" என்பாய். திமிர் பிடித்தவள் நீ. அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கிரகத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், அங்குள்ள ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய நிறத்தை விழுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு கருங்கோட்டை விட்டுவைக்கும் என்று எனக்கு விளக்கியிருக்கிறாய். தறியில் பாவு நூலில் ஓர் இழை விட்டுப்போனால் துணி நெடுகக் கோடு விழுமே, அப்படி. எழுபதுகளின் தொடக்கத்தில் செவ்வாயின் ஒளியில் அப்படியொரு மெல்லிய கோட்டைக் கண்டாய். மீத்தேன். நம் சாணக்குழியிலும் சேற்றிலும் எழும்புகிற வாயு. அது செவ்வாயில் துளி இருந்தாலும் அங்கே உயிர் இருக்கலாம் என்றாய்.

உன் மேலதிகாரி அவசரப்பட்டுப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். ஊர் சும்மா இருக்குமா? தேரடியில் மேடை போட்டார்கள், ஐயம்பேட்டையில் தறி பிடித்துப் பொன்னாடை நெய்தார்கள். உன்னை வேண்டாம் என்று போனவர்களில் ஒருவர் முன்வரிசையில் நாற்காலி பிடித்திருந்தார்.

விழாவுக்கு முதல் நாள் முகம் வாடி வந்தாய். மேகம் மறைத்ததால் தள்ளிப்போன ஒரு சோதனையை அந்த வாரம்தான் செய்ய முடிந்ததாம். நிலாவின் ஒளியையும் அதே கருவியில் பிரித்துப் பார்ப்பது. நிலாவில் காற்றே கிடையாது. ஆனாலும் அதே இடத்தில் அதே கோடு. அப்படியென்றால் அது ஒளி வந்துசேர்கிற வழியில் நம் காற்றில் இருந்த வாயு. விழா முடியும்வரை மூச்சு விடாதே என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். மீறினால் வேலையே போகலாம். அப்பாவும் கெஞ்சினார்: "நாளைக்கு ஒரு நாள் வாய மூடிக்கினு இரும்மா. நாங்க ஊர்ல தலை காட்ட வேணாமா?"

மறுநாள் மைக்கைப் பிடித்து நீ நேராகச் சொன்னாய்: "நான் பாத்தது செவ்வாயோட வாயு இல்லீங்க. நம்ம காத்துதான். நான் தப்பா படிச்சிட்டேன்."

நெசவாளர் சங்கத் தலைவர் பொன்னாடையை விரித்தபடி விழித்துக்கொண்டு நின்றார். அதையும் பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கு வளையமும் கிடையாதுங்க, சனிக்குத்தான்" என்றாய்.

"வெறும் உருண்டையா போட்டா எடுப்பா இருக்காதேமா" என்றார் அவர்.

தேரடியே சிரித்தது. அவர் உனக்குப் போர்த்தியே விட்டார். இவள் என் அக்கா என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா அழுதாள். "இங்கயும் அந்தச் செவ்வா தோஷம் உன்ன விடலியே."

நீ சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாய்: "தோஷம் செவ்வாய்ல இல்லம்மா. நம்ம காத்துல இருக்குது."

வேலை போகவில்லை. ஓய்வு பெறும்வரை அந்த மலையில்தான் இருந்தாய். யார் எதை அடித்துச் சொன்னாலும், "நிலாவ வச்சுப் பாத்தியா?" என்று கேட்பதும் உனக்கு வழக்கமாகிவிட்டது.

தரகர் வந்தார். ஜாதகத்தை விரித்து உதட்டைப் பிதுக்கினார். "பொண்ணுக்குச் செவ்வா தோஷம் இருக்குதேமா."

பேத்தியின் முகம் சுருங்கியது. நான் பொன்னாடையை எடுத்துவந்து அவள் தோளில் போர்த்திவிட்டு அவரைக் கேட்டேன்: "நிலாவ வச்சுப் பாத்தீங்களா?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன் கதையைக் கேட்டு வளர்ந்த அவள் சிரித்துவிட்டாள், அக்கா.