டம்ளர் மூடியான டிஸ்க்

ஏற்காடு,
பிப்ரவரி 9, 2025

அன்புள்ள மேக்ஸ்வெல் அண்ணனுக்கு,

தங்கை ஃபெபி எழுதுவது. போனை நீங்கள் எடுப்பதாக இல்லை, அதனால் மஸ்கட்டுக்குக் கடிதம். இங்கே மிளகு பறிப்பு நடக்கிறது. அப்பாவுக்கு மற்றதெல்லாம் நலம், காதுதான் போய்க்கொண்டிருக்கிறது. இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை. வலதும் மழைக்காலம் வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அலமாரியைத் துடைத்தபோது உங்கள் பழைய நூறு எம்.பி. டிஸ்க், தடித்த ப்ளாப்பி மாதிரி இருக்குமே அது, கிடைத்தது. மேலே உங்கள் கையெழுத்தில் "அம்மா, ஈஸ்டர் பாட்டு, 1999". இறந்துபோன அம்மாவின் குரல் நம்மிடம் வேறெதிலும் இல்லை. அப்பா அதை வாங்கிப் பார்த்து, "இத ஒருக்கா கேட்டுப்போட்டாப் போதுங் கண்ணு, அப்புறம் காது போனாப் போகுது" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. எழுபது ப்ளாப்பிக்குச் சமம், இனி எல்லாம் இதுதான் என்று அளந்தீர்களே, அது ஏன் எடுபடவில்லை? கரடியூர் ஜெயமேரி அத்தை வீட்டில் விடை கிடைத்தது. பாட்டைக் காப்பி எடுக்கச் சொல்லி, அத்தைக்கும் மாரமங்கலம் சித்தப்பாவுக்கும் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆளுக்கொரு டிஸ்க் கொடுத்தாரே அப்பா, அத்தை அதை இத்தனை வருஷமாகக் காபி டம்ளருக்கு மூடியாக வைத்திருக்கிறார்! "எதுல போட்டுக் கேக்கறதுன்னு ஒருத்தரும் சொல்லலியே கண்ணு" என்கிறார். ப்ளாப்பி எந்தக் கம்ப்யூட்டரிலும் நுழையும். இதற்கு இதன் டிரைவே வேண்டும். பக்கத்து வீட்டில் இல்லை என்று ஒருவர் வாங்கவில்லை, அவர் வாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரும் வாங்கவில்லை. அதற்குள் சி.டி. மலிவாகிவிட்டது. சரக்கில் குறையில்லை அண்ணா, ஒருவருக்கொருவர் டிஸ்க்கைக் கொடுத்து வாங்கத்தான் ஆள் இல்லை.

சேலத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் பாலகுமார் ஒரு டிரைவ் தேடிக் கொடுத்தார். அத்தையின் டிஸ்க்கைப் போட்டேன். டிரைவ் டக் டக் என்று அடித்து அதைக் கெடுத்துவிட்டது. சித்தப்பாவுடையது எங்கே போனதென்றே தெரியவில்லை. மிச்சம் நம் வீட்டு டிஸ்க் ஒன்றுதான். அதை வேறு டிரைவில் போட எனக்குத் தைரியம் இல்லை.

நல்ல டிரைவ் உங்களிடம்தான் இருக்கிறது. "ஊருல ஒருத்தரு ஊட்டுலயும் இல்லாத டப்பாவுக்கு என்ன பவுசு" என்று அப்பா ஏளனம் செய்த அன்று அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பியவர்தானே நீங்கள். பதினெட்டு வருஷம் ஆகிறது. எனக்கு அவர் மேலும் கோபம், உங்கள் மேலும் கோபம்.

கூரியரில் அனுப்ப வேண்டாம், மலைப்பாதையில் குலுங்கி அதுவும் கெட்டுவிடும். நீங்களே கையில் எடுத்து வாருங்கள். கர்த்தர் வழித்துணையாக வருவார். பாட்டு ஓடாவிட்டாலும் பரவாயில்லை. வலது காதுப் பக்கமாக உட்கார்ந்து, "அப்பா" என்று ஒருமுறை கூப்பிடுங்கள்.

அன்புத் தங்கை,
ஃபெபி