மீட்டு வந்த மஹர் மோதிரம்

மச்சானுக்கு,

நேற்று மதியம் கடைத்தெரு நகைக்கடையில், உங்கள் தம்பி பைக் வாங்குவதற்காக நிக்காஹ்வில் நீங்கள் எனக்கு மஹராகக் கொடுத்த மோதிரத்தை விற்றிருக்கிறீர்கள். கடைக்காரர் நம் நிக்காஹ்வுக்குச் சாட்சியாக நின்றவர். அது உங்களுக்கு மறந்துவிட்டது, அவருக்கு மறக்கவில்லை. மோதிரத்தை உருக்காமல் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, உன்னைக் கேட்டுத்தான் வித்தாரா?" என்று எனக்குப் போன் செய்தார்.

ராத்திரி கேட்டதற்கு, "புருஷன் பொண்டாட்டிக்குள்ள உன் காசு, என் காசுன்னு என்ன இருக்கு?" என்றீர்கள். உங்கள் சம்பளக் கவரை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. மஹரும் மனைவியின் சம்பாத்தியமும் அவளுக்கே சொந்தம், வீட்டுச் செலவு கணவன் பொறுப்பு என்று நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத் அன்று சொன்னபோது, எல்லாரையும்விடப் பலமாகத் தலையாட்டியது நீங்கள்தான்.

காலையில் போய் என் சம்பளத்தைக் கொடுத்து மோதிரத்தை மீட்டுவிட்டேன். தன் மஹரைத் தானே விலை கொடுத்து வாங்கிய மணப்பெண் நான்.

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. பாலைக் காய்ச்சிவிடுங்கள், திரிந்துவிடும். ஆஸ்பத்திரியில் இன்று எனக்கு மாலை ஷிஃப்ட்.

பி.கு.: ஆறு மணிக்கு வீட்டு ஓனர் வாடகைக்கு வருவார். தம்பியிடம் கேட்டுப்பாருங்கள், பைக் இருக்கிறதே, சீக்கிரம் வந்துவிடுவான். வாடகை எப்போதும் என் சம்பளத்தில்தான் போகும். இந்த மாதம் அது மோதிரத்துக்குப் போய்விட்டது.