குருக்கள்மடத்திலிருந்து களுதாவளைக்கு ஆற்றங்கரையால்

13.2.1939

தலைமை ஆசிரியர் இன்று கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு மரமும் பறவையும் காட்ட வாவிக்கரையில் ஒரு லேசான நடைபாதை பார்த்து வைக்கச் சொன்னார். சின்னதுகளும் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டுமாம். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வது. பள்ளிக்கூடத்தடியிலிருந்து களுதாவளையில் எங்கள் வீட்டுப் பின்வேலி வரை, தோணிக்காரர் நடந்து உண்டான தடம் ஒன்று இருக்கிறது. மேடு இல்லை, முள் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "ஆத்தங்கரையில திரியிறத்துக்கா புள்ள கொழும்பில போய்ப் பட்டம் எடுத்த? இஞ்ச எருமையும் அதத்தானே செய்யிது."

துணைக்குப் புது ஆசிரியர் வினாயகமூர்த்தி வருகிறாராம். பதுளையில் வளர்ந்தவர். அவரோடு என்ன பேசுவது?

18.2.1939

பேசினேன்! கரையோரத் தில்லை மரத்தின் இலையை வினாயகமூர்த்தி கிள்ளப் போனார். அதன் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும். "தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். அவர் சிரித்தார்: "இந்தச் சத்தத்தை எங்க மிஸ் இவ்வளவு நாளும் வச்சிருந்தீங்க?"

பிறகு கிண்ணை மரத்து வேர்கள் சேற்றுக்கு மேலே மூச்சு விடுவதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே போனேன். களுதாவளை வந்துவிட்டது.

25.3.1939

பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டார்கள். "ஆனித் திருவிழாவுக்கு அம்மா பதுளையிலிருந்து வாறா. உங்கட வீட்ட வந்து பொண்ணு கேக்கச் சொல்லட்டா?" என்றார்.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றேன். அதுவே போதுமென்று அவருக்குத் தெரிந்தது.

2.4.1939

கிண்ணைப் பூ இரவில் விரிந்து காலையில் கொட்டிவிடுகிறது. கரையோரத் தண்ணீரெல்லாம் வெள்ளை நூல்.

20.6.1939

எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பிள்ளையார் கோயிலில் இன்று எங்கள் குடிக்குரிய திருவிழா. பூசை முடிந்ததும் ஒவ்வொரு குடியின் பெயரையும் கூறி, அந்தக் குடி ஆண்களுக்கு வெற்றிலை கொடுப்பார்கள். எங்கள் குடியைக் கூறியதும் மாமா முன்னால் போனார். கூட்டத்தின் மற்றப் பக்கத்திலிருந்து வினாயகமூர்த்தியும் வந்தார் - தன் தாய் பிடித்துத் தள்ளிவிட, பட்டு வேட்டியோடு. வெற்றிலையை வாங்கிக்கொண்டு என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு சந்தோசம் அந்த முகத்தில்.

குடி தாய்வழி வருவது. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் உடன்பிறப்பு, கலியாணம் செய்ய முடியாது. இங்கே தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் பிறந்து சின்ன வயதிலேயே ஊரை விட்டுப் போன தாய் அவருக்கு இதைச் சொல்லவில்லை.

நானாவது கேட்டிருக்கலாம். ஆனால் ஒருவரிடம் குடி கேட்பது கலியாணம் பேசுவதற்குச் சமம். வெட்கப்பட்டேன். பதுளைக்காரருக்கு ஏது குடி என்றும் நினைத்துவிட்டேன். இவ்வளவு படித்தும் - என்ன படித்தேன் நான்?

21.6.1939

அவருடைய தாய் வந்தா. பெண் கேட்க அல்ல. அம்மாவும் அவவும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

என் தலையைத் தடவிச் சொன்னா: "எனக்குப் பொம்புளப் புள்ள இல்ல மனே. நீ மகளாத்தான் வந்திருக்காய். மருமகளா வர ஏலா."

24.6.1939

ஆற்றங்கரையில் நின்றார்.

"குடி எண்டா ஒரு பேர்தானே பூரணி? நீங்க யாரோ, நாங்க யாரோ."

"இஞ்ச அந்தப் பேர்தான் ரத்தம்."

"பதுளைக்குப் போவம். அங்க யார் குடி கேக்கிற?"

எங்கள் ஊர்க் கந்தப்போடி அண்ணன் போன மாதம் தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார். "உன்னப் பாத்துத்தான் புள்ள இவளயும் விடுறன்" என்றார். நான் அண்ணன்முறைக்காரரோடு போய்விட்டால் அந்தப் பிள்ளையை நாளைக்கே பள்ளிக்கு விடாமல் மறித்துவிடுவார்கள். அவளோடு இன்னும் எத்தனை பேரை!

அதைச் சொன்னேன். நான் கிறுகிப் பார்க்காமல் வீடு வரைக்கும் நடந்தேன். லேசான பாதை என்று யார் சொன்னது?

9.12.1939

மாரி. தடம் தண்ணீருக்குள்.

5.1.1940

அவருக்குத் தன்னாமுனையில் பெண் பார்த்துவிட்டார்கள். பெயர் சீதேவி. வேறு குடி.

தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் சகோதரி விளக்குப் பிடிக்க வேண்டும். என்னைப் பிடிக்கச் சொல்லி அவருடைய தாய் ஆள் அனுப்பியிருக்கிறா. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா: "மாட்டன் எண்டு சொல்லு புள்ள. காய்ச்சல் எண்டு சொல்லுவம்."

22.1.1940

விளக்குப் பிடித்தேன்.

10.2.1940

புதுமாப்பிள்ளையும் பெண்ணும் இன்று எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். அம்மா கோழி அடித்தா. சாப்பிட்டு முடிய சீதேவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிள்ளை, வாய் ஓயாது.

"மச்சாள், ஆத்தங்கரையால நல்ல பாதை ஒண்டு இருக்காமே. என்னையும் கூட்டிப் போங்களன். எனக்கு நடக்க ஏலுமா?"

"சின்னப் பிள்ளைகளும் நடக்கும்" என்றேன்.

வெள்ளம் வற்றிய சேறு இன்னும் காயவில்லை. நான் முன்னால். சீதேவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில். அவர் பின்னால். ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். அவருடைய முகத்தை நான் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

வளைவில், தாழைக்குப் பக்கத்தில், நீலமாக ஒன்று தண்ணீரில் விழுந்து மீனோடு எழும்பியது. சீதேவி குதித்தாள். "அது என்ன குருவி? சொல்லுங்களன்!" என்று அவரைக் கேட்டாள்.

பின்னால் சேற்றில் அவருடைய காலடி நின்றது.

"தங்கச்சியக் கேளும்" என்றார். "அவவுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

மீன்கொத்தி என்று சொன்னேன். அது போய் இருந்த கொப்பைக் கை நீட்டிக் காட்டினேன். அவள் காணும்வரை காட்டிக்கொண்டு நின்றேன்.