சுண்ணாம்புக் குழி ஓரம் கண் செருகியது

24-10-1950, செவ்வாய்

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கதையை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார். நான் தூங்கி நூறு வருஷமாகிறது. நான் கொட்டாவி விட்டால் வாணியம்பாடி வரை விளக்கு அணைகிறது.

இன்று காலை தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டியபடியே தூங்கிவிட்டேன். கூட வேலை செய்யும் காதர் பனியனைப் பிடித்து இழுத்தான்.

"இன்னா மாமா, குழிக்குள்ள பாய் விரிச்சிக்கிறயா?"

அவனே டாக்டரிடம் கூட்டிப் போனான்.

"எத்தனை நாளா தூக்கமில்ல?"

"வெள்ளைக்காரன் கப்பல் ஏறி வந்த நாளா, டாக்டரய்யா."

"டீ, பீடி?"

"டீ ஒரு அண்டா. பீடி ஒரு மாட்டுவண்டி."

"போய்யா, ஆளு நல்லாத்தான் இருக்கிற!" சிரித்து, வாயு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்.

தோல் நாற்றத்துக்குப் பீடி, பீடி இருமலுக்கு டீ. ஷாப்பில் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். அதில்தான் தூக்கம் போனது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். என் வாய் விடவில்லை. இனி அழுதாலும் சிரிப்பார்கள்.

நாளையிலிருந்து காதருக்குக் கொட்டகையில் தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டை இடிக்கிற வேலை. குழி ஓரம் நான் மட்டும்.

நூறு வருஷம் பொய். அண்டா, வண்டி பொய். காதர் இழுத்திருக்காவிட்டால் குழிக்குள் விழுந்திருப்பேன் என்பது மட்டும் நிஜம்.