ஏற்பு ஊசிக்குப் போகிறேன்

இஞ்சாருங்கோ,

கடலிலிருந்து கரைக்கு வந்ததும் என்னைத் தேட வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். புட்டும் மீன் சொதியும் மூடி வைத்திருக்கிறேன்.

“மேலே ஹெலி சுத்துது, வயித்துப் பிள்ளையோடை வெளிக்கிடாதை” என்று நேற்றுச் சொன்னீர்கள். நான் அதற்குச் சம்மதிக்கவில்லை.

நாங்கள் பறிகொடுத்த மூத்தவன், பிறந்த எட்டாம் நாள் ஏற்பு வலியில் விறைத்துக் கிடந்தபோது, மருத்துவிச்சி கேட்டா: “தாய்க்கு டெட்டனஸ் ஊசி போட்டதோ?” ஷெல்லுக்குப் பயந்து, அப்போதும் உங்கள் சொல்லைக் கேட்டு வீட்டில்தான் இருந்தேன். இந்த முறை கேட்கமாட்டேன். அரசாங்கம் சும்மா தருகிற ஊசியை என் பிள்ளைக்காகப் போட்டே தீருவேன்.

மக்டலீன்

அடுத்த மாதம் இரண்டாவது ஊசி. அதற்கு நீங்களே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போங்கோ. தனியே போக எனக்கும் பயம்தான்.