நின்று நின்று ஓடிய உன் ஸ்கூட்டர்

ஊரே நர்ஸம்மா என்று கூப்பிட்டாலும் எனக்கு மட்டும் அம்மாவான உனக்கு,

உன் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து போய் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

லீவுக் கணக்குப்படி திங்கட்கிழமை நான் சென்னையில் இருக்க வேண்டும். நீ போன பிறகு அப்பா ஊரைத் தாண்டுவதே இல்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்தால்கூட, அரியலூர் போகிறவர் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பஸ் என்றால் கூட்டமாம். புது வண்டி வாங்கிப் பழகுங்கள் என்றால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. கடைசியில் ஒருநாள், "ஒங்கம்மா வண்டிய மொதல்ல ஓட வையி, அப்பறம் பாக்கலாம்" என்றார். இவரை இப்படியே விட்டுவிட்டு நான் எப்படி ரயில் ஏறுவேன்? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டிக் கிடந்தது. மெக்கானிக் அதைச் சுத்தம் செய்து, டேங்கைக் கழுவி, பிளக்கையும் கேபிளையும் மாற்றி, பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினார். நீ செய்வதுபோலவே ஒருபக்கம் சாய்த்து நிமிர்த்தி உதைத்தேன். தெருவெல்லாம் புகை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை, அரியலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டது. சற்று விட்டு உதைத்தால் கிளம்புகிறது, திரும்பவும் படுத்துக்கொள்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் என் தலையில் புழுதியைக் கொட்டிவிட்டுப் போயின. மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கத்தினேன். உன் பொறுமை எனக்கு ஏது? பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பாரும்மா என்றார் அவர்.

சீட்டைத் தூக்கி டேங்க் மூடியைத் திறந்தால், டேங்கின் வாயில் பாலிதீன் பையை இழுத்துக் கட்டி, அதன்மேல் மூடியைத் திருகியிருந்தது. பாலிதீன் உள்பக்கமாகக் குழிந்து கிடந்தது. மூடியில் இருக்கும் துளை வழியாகக் காற்று போனால்தானே கீழே பெட்ரோல் இறங்கும்? பிய்த்து எடுத்ததும் டேங்க் உஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டது. பிறகு அரியலூர் போய்த் திரும்பும்வரை ஒரு மக்கர் இல்லை.

முந்தின நாள் நான் வண்டியைக் கிளப்பிப் பார்த்து நிறுத்திய பிறகு அப்பாதான் கட்டியிருக்கிறார். "லாரிப் புழுதி பெட்ரோல்ல வுழுந்துரும்னுதான்" என்று தலையைச் சொறிந்தார். நீ போனதிலிருந்து அந்த வண்டிப் பக்கமே போகாத மனுஷன். சண்டை போடலாம் என்று வந்தவள் துணி எடுத்து வண்டிப் புழுதியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

சாயங்காலம் ஏரிக்கரை ரோட்டுக்குக் கூட்டிப்போய், முன்னால் உட்காருங்கள் என்றேன். ஹேண்டில்பாரைத் தொட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நான் எப்பவும் பின்சீட்டுதானே பாப்பா. ஒங்கம்மா முதுகப் பாத்துக்கிட்டே போயிட்டு வந்துருக்கேன். முன்னாடி ரோடு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? கேலி செய்தே ஏற்றியிருப்பாய். நான் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் கழித்து அவரும் ஏறினார். கிளட்ச்சைப் பட்டென்று விட்டார், வண்டி துள்ளி நின்றது. இறங்கி மறுபடி உதைத்தார்.

லீவை நீட்டச் சொல்லி ஆபீசில் கேட்டுவிட்டேன். அவருக்குக் கை பழகும்வரை பின்சீட்டை விடமாட்டேன் அம்மா. பழகிய அன்று பாதி வழியில் இறங்கிக்கொள்வேன். அவர் எத்தனை தடவை திரும்பிப் பார்த்தாலும் ஏறமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் மகள்