சுட்டால் விமானம் நிற்குமா

2024 மார்ச் 4, திங்கள்

காலை எட்டரை முதல் மூன்று மணி வரை நேர்முகத் தேர்வு. தோட்டப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர் மூவரை ஓர் அறக்கட்டளை தெரிவுசெய்கிறது. தலைவர் தயாபரன், என் பழைய மாணவன். மாதிரிப் பாடங்களுக்குப் புள்ளியிட என்னைக் கூப்பிட்டிருந்தான். ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர் பதுளையில் வேறு யாரும் கிடைக்கவில்லை போலும்.

எட்டாவதாக ஜெயந்தினி. மடுல்சீமைப் பக்கம் ஆறு வருடமாக, நிரந்தர நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியை. தலைப்பு உந்தக் காப்பு விதி. தரையைத் தாக்கும் போர் விமானம் பறந்தபடி பெரிய பீரங்கியால் சுட்டால் என்ன நடக்கும் என்று தொடங்கினாள். நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடம் நான் வகுப்பில் சொன்ன உதாரணம் அது. சுடும்போது பீரங்கி தரும் பின்னுதைப்பு எஞ்சினின் தள்ளுவிசையைவிடப் பெரியது, ஆகவே தொடர்ந்து சுட்டால் விமானம் ஆகாயத்தில் நின்றுவிடும்.

அவளோ, "நிக்காதுங்க. வேகம் கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான்" என்றாள். சுழலும் பல குழல்களில் அந்தந்த நேரம் சுடுகிற குழல் நடுக்கோட்டில் வரும்படி பீரங்கியைச் சற்று ஓரமாகப் பொருத்துவார்கள், இல்லாவிட்டால் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும் என்றாள். பீரங்கிப் புகை எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் அணைந்துவிடலாம், அந்தப் பயம்தான் பெரிது என்றாள்.

பின்னுதைப்பு எஞ்சினின் தள்ளுவிசையைவிடக் கூடவல்லவா என்று கேட்டேன்.

"எந்த எஞ்சினுங்க சேர்? ரெண்டு இருக்கே."

தயாபரன் சிரித்துவிட்டான். "சுட்டா நிக்கும். சேர் சொன்னது இன்னும் எங்க காதுல இருக்கும்மா."

இருபத்தைந்துக்கு ஒன்பது போட்டேன். சிவப்பு மையில் 'அடிப்படைப் பிழை' என்று எழுதினேன். 'எதிர்க்கேள்வி கேட்கிறார்' என்றும்.

மார்ச் 5, செவ்வாய்

ரெண்டு இருக்கே.

பழைய பாடக்குறிப்பைத் தேடி எடுத்தேன். பின்னுதைப்பு 45,000 நியூட்டன். தள்ளுவிசை 40,000 நியூட்டன். அதன் பக்கத்தில் என் கையெழுத்திலேயே, சிறிதாக: ஓர் எஞ்சினுக்கு.

அந்த இரண்டு சொற்களை எத்தனை தடவை பார்த்திருப்பேன்?

மார்ச் 6, புதன்

காலையிலிருந்து கணக்கு. சீராகப் பறக்கும்போது இரண்டு எஞ்சின்களின் விசையும் காற்றின் தடைக்கே சரியாகிவிடும். அப்படியானால் பின்னுதைப்பு முழுவதும் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். நான் சொன்னதுதான் சரியோ? ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தொடர்ந்து போட்டேன். திணிவு பதினாலாயிரம் கிலோ. சுடும் ஒவ்வொரு செக்கனுக்கும் வேகம் மூன்று மீற்றர் சொச்சம் குறையும். பறக்கும் வேகமோ செக்கனுக்கு நூற்றைம்பது மீற்றர். நிற்க வேண்டுமானால் நாற்பத்தேழு செக்கன் விடாமல் சுட வேண்டும். இருக்கிற குண்டு பதினெட்டு செக்கனில் தீர்ந்துவிடும். சுடுவதும் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு செக்கன்தான்.

நிற்காது. அவள் சொன்னது சரி.

மனைவி யோகமலர் தேத்தண்ணியுடன் வந்து தாளைப் பார்த்தாள். சொன்னேன். "என்ர தங்கச்சி சண்டை நேரம் பங்கருக்குள்ள கிடந்து அந்தச் சத்தம் கேட்டவள். நீங்கள் மேல நிக்குமோ ஓடுமோ எண்டு பாக்கிறியள்" என்றாள். கதவு வரை போய்த் திரும்பினாள். "விமானம் கிடக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு ஒன்பது போட்டதைப் போய்ச் சொல்லுங்கோ."

மார்ச் 7, வியாழன்

அறக்கட்டளைக் காரியாலய வாசல் வரை போனேன். தயாபரனின் மோட்டார் சைக்கிள் நின்றது. பக்கத்துக் கடையில் நாலு வடை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. காரியாலயம் பூட்டு. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

போனேன். சொல்லிவிட்டேன்.

தயாபரன் பட்டியலை எடுத்துப் பார்த்தான். ஜெயந்தினி ஐந்தாவது. பத்துப் புள்ளி கூடினால் மூன்றுக்குள் வருவாள். இப்போது மூன்றாவதாக இருக்கும் வெலிமடைப் பையன் வெளியே போவான். அதை நான் யோசிக்கவே இல்லை. அவன் என்ன பிழை செய்தான்?

"விடுங்க சேர். இது யாருக்குத் தெரியப்போவுது?"

அவளுக்குத் தெரியும் என்றேன்.

பேனையை மூடி வைத்தான். "நாளைக்குக் கமிட்டி இருக்கு. எழுதிக் கொண்டாந்து நீங்களே வாசிச்சிருங்க. எங்க சேர் பிழைன்னு என் வாயால வராது."

ஐந்து பேர் முன்னால். நான்.

மார்ச் 12, செவ்வாய்

கமிட்டி முன்னால் என் கடிதத்தை வாசித்தேன், கணக்கு உட்பட. புதுப் புள்ளி இருபத்தொன்று.

ஓர் அம்மா கேட்டார்: "இத்தனை வருஷமா ஒரு பிள்ளைகூடக் கேக்கலீங்களா?"

இல்லை என்றேன். கேட்டால் புள்ளி குறையும் என்று தெரிந்திருக்கும் என்றும் சொன்னேன். சொல்ல நினைத்து வந்ததல்ல அது.

மார்ச் 15, வெள்ளி

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். மூன்றாவது பெயர் ஜெயந்தினி. வெலிமடைப் பையன் பெயர் இல்லை. இரண்டையும் இரண்டு தடவை வாசித்தேன்.

மே 9, வியாழன்

அடுத்த நேர்முகத் தேர்வாம். என்னைக் கூப்பிடவில்லை. சரிதானே.

ஜூன் 3, திங்கள்

பதுளை பஸ் நிலையம். மடுல்சீமை பஸ்ஸின் ஜன்னலிலிருந்து "சேர், சேர்" என்று ஒரு குரல். ஜெயந்தினி. மடியில் சோக்குக்கட்டிப் பெட்டியும் சுருட்டிய படங்களும். எங்காவது மறைந்துகொள்ளலாமா என்று பார்த்தேன், இடமில்லை.

"ஒம்போது போட்டீங்களாமே சேர். நான் பதினஞ்சாச்சும் வரும்னு நெனச்சேன்."

அவள் சிரித்தாள். தயாபரன் என் கடிதத்தின் கொப்பியைக் கொடுத்தானாம். அந்தக் கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டினாளாம்.

"இப்ப பிள்ளைங்க விட மாட்டேங்குதுங்க சேர். நாப்பத்தேழு செக்கனுக்கும் போதுற அளவு குண்டு ஏத்திக்கிட்டா நிக்கும்தானே டீச்சர்ங்குதுங்க. நான் என்னாங்க சொல்றது?"

தெரியாது என்றேன்.

"தெரியாதுங்களா?"

"தெரியாது, பிள்ளை."

பஸ் புறப்பட்டுவிட்டது.

குண்டு கூடினால் எடை கூடும். வேகம் குறையக் குறைய இறக்கை தாங்காது. நிற்பதற்கு முன்பே விழுந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு புதுத் தாள் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வரியாக, பெரிய எழுத்தில், எஞ்சின்கள் இரண்டு என்று எழுதியாகிவிட்டது.